செர்னுவஸ் என்றொரு சொல்

குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தானும் தரையோடு தரையாகக் கிடந்தால்தான் முடியும் என்பது ஆவுடைச்செல்விக்கு இந்த ஒரு வாரத்தில் தெரிந்துபோயிருந்தது. அதனால் ஜமுக்காளத்தில் வலது கன்னத்தை வைத்து, கல்லூரியில் அவளை மேடம் என்று கூப்பிடுகிற பிள்ளைகள் யாரும் பார்த்துவிடக் கூடாத கோலத்தில் கவிழ்ந்து கிடந்தாள். எதிரே ஒரு சாண் தூரத்தில் ஏழு மாதக் குழந்தை குழல்வாய்மொழியும் அதே மாதிரி கிடந்தாள். நெஞ்சுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டு, இரண்டு பக்கமும் பரப்பிய கைகள், துணியில் அழுந்திய ஒரு கன்னம், தெரிகிற பக்கத்தில் ஒரே ஒரு கண். அந்தக் கண் அம்மாவைப் பார்க்காமல் ஜமுக்காளத்தின் சிவப்பு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பெயர் என்னவோ குற்றாலத்து அம்மன் பெயர், கூப்பிடுவது குழலி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்சாரம் போய் மின்விசிறி நின்றுவிட்டது. பராமரிப்பு வேலை என்று மின்வாரியத்து ஆளான அவள் புருஷன் நயினாரே காலையில் ஏணியோடு போயிருந்ததால் யாரையும் திட்டவும் வழியில்லை. கீழ்வீட்டில் மதினியின் தையல் மிஷின் கரண்ட் போனதைப் பற்றிக் கவலைப்படாமல் காலால் மிதிபட்டு ஓடிக்கொண்டிருந்தது. தலையைத் தூக்கு கண்ணு, அம்மாவைப் பாரு, என்று ஆவுடை சத்தம் வராமல் உதட்டை மட்டும் அசைத்தாள். சத்தம் போட்டால் குழந்தைக்குத் தெரிகிறதோ இல்லையோ, கீழே மதினிக்குத் தெரிந்துவிடும். கண் வரியைவிட்டு நகரவில்லை. தலை அங்கேயே கிடந்தது, யாரோ கழற்றி வைத்த பொருள் மாதிரி. வியாழக்கிழமை டாக்டர் பார்ப்பார். கழுத்து நிற்கிற அறிகுறி கொஞ்சமாவது தெரிந்தால் சரி. தெரியாவிட்டால் நரம்புப் பரிசோதனைக்கு மதுரைக்கு எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். யாராவது மதுரை என்று சொன்னாலே இப்போதெல்லாம் அவள் பேச்சை மாற்றினாள். சித்திரைத் திருவிழாவுக்குப் போன ஊர், மல்லிகைப்பூ ஊர், அதைப் போய் இப்படி ஆக்கிவிட்டார்களே என்று அவளுக்கு அந்த ஊரை நினைத்தே வருத்தமாக இருந்தது.

தொய்ந்த. வெள்ளிக்கிழமை கல்லூரியிலிருந்து லூர்து சார் போனில் அப்படித்தான் சொன்னார். அவர்களுடைய தாவரவியல் துறையில் எல்லாரும் சேர்ந்து செடிகொடிச் சொற்களைத் தமிழில் தொகுத்து முடிக்கிற நேரம், இவள் பங்கில் ஒரே ஒரு சொல் நின்றுபோயிருந்தது. செர்னுவஸ். செடியில் தலை கவிழ்ந்து நிற்கிற உறுப்புக்கு லத்தீனில் உள்ள பெயர். பூவாக இருக்கலாம், மொட்டாக இருக்கலாம், நுனிக்கொம்பாகவும் இருக்கலாம். "தொய்ந்தன்னு போட்டு முடிச்சிருவமாம்மா?" என்றார் சார். "ரெண்டு நாள் குடுங்க சார்" என்றாள். "பிள்ளையப் பாரு தாயி, சொல் எங்க ஓடிரப் போவுது" என்று வைத்துவிட்டார். சொல் ஓடவில்லை. அவள் மண்டைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, மதினி மீன் குழம்பில் புளி கூடிவிட்டது என்று வருத்தப்படும்போது, எல்லா நேரமும் உள்ளே ஒரு குரல் தொய்ந்த, தொங்கும், கவிழ்ந்த, குனிந்த என்று முணுமுணுத்தபடியே இருந்தது. தொங்குவதற்கு லத்தீனில் வேறு சொல் இருக்கிறது, கயிற்றில் கட்டிய மாதிரி நேராகத் தொங்குகிற சரக்கொன்றைக்கு அது பொருந்தும். காற்றுக்குத் தலையாட்டுவதற்கு இன்னொரு சொல். இது இரண்டும் இல்லை. தொய்ந்த என்றால் கொடிக்கயிறு தொய்வது, தண்ணீர் விடாத கத்தரிச்செடி தொய்வது, கட்டில் நாடா தொய்வது. இழுப்பு விட்டுப்போனதற்கான சொல் அது. செர்னுவஸில் இழுப்பு விடுவதில்லை. பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டிக்குள் முளைத்திருக்கிற முயல்செவியைப் பார்த்தாலே போதும். மதினி இரண்டு தடவை பிடுங்க வந்து, இருக்கட்டும் மதினி என்று இவள் கெஞ்சி நிறுத்திய களைச்செடி. காதுமாதிரி இலை, இளஞ்சிவப்பில் குட்டிக் குட்டிப் பூ. மொட்டாக இருக்கும்போது காம்பு அப்படியே வளைந்து தலை மண்ணைப் பார்க்கும். கனம் தாங்காமல் அல்ல. ஒரு மொட்டு என்ன கனம் இருந்துவிடும்? விரலால் நிமிர்த்திவிட்டு விட்டால் வெடுக்கென்று பழைய இடத்துக்கே போகும், அவ்வளவு விறைப்பு அந்த வளைவில். பூக்கிற நாள் வந்தால் தானே நிமிர்ந்துவிடும். யாரும் முட்டுக் கொடுக்க வேண்டாம். இதுவரைக்கும் யோசனை சுகமாக வரும். இதற்கு அடுத்த படியில் கால் வைத்தால் வழுக்கும். இந்தக் கழுத்து எது? தொய்ந்ததா, வளைந்ததா? விரலால் தொட்டுப் பார்த்து முயல்செவிக்குச் சொல்லத் தெரிந்தவளுக்கு, பெற்ற பிள்ளையின் பிடரியில் கைவைத்துச் சொல்லத் தெரியவில்லை.

குழலி முனகினாள். முனகல் அழுகைக்கு ஏறுவதற்குள் ஆவுடை எழுந்து உட்கார்ந்து அவளை மல்லாக்கப் புரட்டினாள். புரட்டும்போது இடது உள்ளங்கை கேட்காமலே போய்ப் பிடரிக்கு அடியில் விரிந்துகொண்டது. பார், இந்தக் கையை என்ன செய்ய. பிசியோதெரபி செய்கிற ஷகிலா இந்தக் கையைத்தான் முதல் நாளே கண்டுபிடித்தாள். குழந்தையைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த அம்மாள் தாயின் கையைப் பார்த்தாள், அப்புறம் பையிலிருந்து எட்டிப் பார்த்த துணிச் சுருள்களைப் பார்த்தாள். "இது என்னத்துக்கு?" "தலை சாயாம இருக்கதுக்கு, ரெண்டு பக்கமும் வைப்பேன்." "எப்பமிருந்து?" "ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டியில இருந்து வெளிய வந்ததுலேருந்து." ஷகிலா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "யாருமே இந்தப் பிள்ளைய ஒரு நாளாவது கவுத்திப் போட்டுருக்கீங்களா? கண்ணாடிச் சாமான் கணக்கா வச்சிருக்கீங்களேம்மா! அவளும் நம்ம தலைய யாரோ பிடிச்சிக்கிடுவாங்கன்னு இருந்துட்டா போல." சொல்லிவிட்டு உடனே குரலை இறக்கி, "அது மட்டுந்தான் காரணம்னு நான் சொல்லல. டாக்டர் பாக்கட்டும். அதுக்குள்ள நீங்க கீழ விடுங்க" என்றாள். அந்த 'மட்டுந்தான்' ஒரு முள். அது மட்டும்தான் காரணம் என்றால் பழி இவள் தலையில். சந்தோஷமாகச் சுமப்பாள், ஊர் கூட்டிச் சொல்லுவாள். அது இல்லையென்றால் பழி யார் மேலும் இல்லை, அப்போதுதான் பயம். நம்முடைய தப்பாகவே இருக்க வேண்டும் சாமி என்று வேண்டிக்கொள்கிற தாயை எந்தச் சாமியும் இதற்கு முன் பார்த்திருக்காது என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

துணிச் சுருள் வைக்கிற புத்தி எங்கிருந்து வந்தது என்று அவளுக்கா தெரியாது? பத்து வருஷமாகச் செய்கிற வேலையிலிருந்து வந்தது. களக்காட்டு மலையிலோ மாஞ்சோலையிலோ பறித்த செடியைச் செய்தித்தாளுக்கு நடுவே விரித்து, பலகை வைத்து இறுக்கிக் காயவைத்து, காய்ந்ததைத் தடித்த தாளில் வைத்து, மெல்லிய காகிதப் பட்டைகளால் அங்கங்கே பிடித்து ஒட்டுவது. ஈரமாக இருக்கும்போது எப்படி வைக்கிறோமோ அப்படியேதான் காலகாலத்துக்கும் இருக்கும். இலை மடங்கியிருந்தால் நீவி விடுவாள். காம்பு சாய்ந்திருந்தால் பக்கத்தில் காகிதச் சுருள் வைத்து அணை கொடுப்பாள். சேர்ந்த புதிதில் முயல்செவியைக் கொண்டுவந்து, கவிழ்ந்திருந்த மொட்டையெல்லாம் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, கழுத்துக்கு ஒரு பட்டை போட்டு, பார்க்க அழகாக ஒட்டிவிட்டாள். லூர்து சார் தாளைத் தூக்கிப் பிடித்து, "என்னம்மா இது, பூவெல்லாம் காலைப் பிரேயர்ல நிக்கிற பிள்ளைங்க மாதிரி விறைச்சிக்கிட்டு நிக்கி!" என்று சிரித்தார். அறையே சிரித்தது, அவளும் சிரித்தாள். தாளில் அது சிரிப்போடு போயிற்று. வீட்டிலும் அதையே செய்திருக்கிறாள். தலை சாய்ந்தால் அணை, சரிந்தால் சுருள், தூக்கினால் உள்ளங்கை. பஞ்சாலைக்காரன் பிள்ளைக்குப் பஞ்சைச் சுற்றுவான், அவள் தன் தொழிலுக்குத் தெரிந்ததைச் செய்தாள். ஏழு மாதமும் பிள்ளையை ஒழுங்காக ஒட்டி வைத்திருந்தாள்.

மல்லாந்து கிடந்த குழலிக்கு உலகம் பிடித்திருந்தது. காலை உதைத்து, கையை வாயில் திணித்து, நின்றுபோன மின்விசிறியிடம் என்னவோ பேசினாள். மல்லாந்து கிடக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் இத்தனை நாள் ஏமாந்ததற்குக் காரணம். ஆவுடை மறுபடியும் பக்கத்தில் சாய்ந்தாள். தரை குளுமையாக இருந்தது. கீழே மிஷின் நின்று, கத்தரி சத்தம் கேட்டு, மறுபடி ஓடியது. மதினிக்குக் கை துணியில் இருந்தாலும் காது மாடியில்தான். நயினாரின் அக்கா, பெயர் பிரமு, தெருவில் பாதிப்பேர் ஜாக்கெட் அவள் கையில் தைத்ததுதான். குழந்தை முதல் முதல் தானாகக் குப்புற விழுந்தால் பூரணக் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்குக் கொடுப்பது அவர்கள் வீட்டு வழக்கம். நாலாம் மாசமே மதினி அரிசியை ஊறவைத்து இடித்து வறுத்து டப்பாவில் போட்டுவிட்டாள். குறைமாசப் பிள்ளை, கொஞ்சம் பொறுங்க என்று சொல்லியும் கேட்கவில்லை. அந்த மாவில் வண்டு வைத்துக் கொட்டியாயிற்று. மறுபடி இடித்த மாவு ஈரம் பட்டுச் சளித்த வாடை அடித்து அதையும் கொட்டியாயிற்று. மூன்றாவது மாவு இடித்தாளா இல்லையா என்று இவளுக்குத் தெரியாது. கேட்கவில்லை. மதினியும் சொல்லவில்லை. முன்பெல்லாம் படியேறி வரும்போதே "ஏளா ஆவுடை, எங்க வீட்டுக் குட்டி கவுந்துட்டாளா?" என்று கேட்டுக்கொண்டு வருவாள். இப்போது கேட்பதில்லை, மிளகாய் காயுதா, துணி எடுத்தியா என்று வேறு என்னத்தையோ கேட்கிறாள். அந்தக் கேள்வி நின்ற நாள் எது என்று யோசித்தாள், பிடிபடவில்லை. எதிர்வீட்டுப் பேச்சியம்மா மட்டும் விடாமல் கேட்கிறாள். "கழுத்து நின்னுட்டா? எங்க பேரன் அஞ்சாம் மாசமே உக்காந்துட்டான்லா." மதினி ஒரு நாள் வாசலிலேயே வைத்து, "உக்காந்துட்டு இப்ப என்ன கலெக்டர் வேலையா பாக்கான்?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு மதினியைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அதற்குப் பதிலாக, ஜாக்கெட்டுக்கு ஊக்கு வைக்கத் துணைக்குப் போய் உட்கார்ந்தாள்.

முகம் மண்ணைப் பார்க்க. நூலகத்துப் பெரிய அகராதியில் செர்னுவஸுக்கு முதல் பொருள் அப்படித்தான் போட்டிருந்தது: முன்னால் கவிழ்ந்து, முகம் மண்ணைப் பார்க்க. வேர் தலையைக் குறிக்கிற பழைய சொல்லிலிருந்து வருகிறதாம். அத்தோடு விட்டிருக்கலாம். கீழே சின்ன எழுத்தில் ஒரு குதிரை இருந்தது. பூவுக்கு இந்தச் சொல்லை வைப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால், ஓடுகிற ஓட்டத்தில் முன்னங்கால் மடங்கித் தலைகுப்புற விழுகிற குதிரையை லத்தீன்காரர்கள் செர்னுவஸ் என்றார்களாம். தலைகீழாகப் பாய்ந்து குட்டிக்கரணம் போடுகிறவனையும் அந்த வகைச் சொல்லால்தான் சொன்னார்களாம். படித்ததும் அவளுக்குக் கோபமே வந்தது. எங்கே முயல்செவி மொட்டு, எங்கே குதிரை? அன்றிலிருந்து அந்தக் குதிரையும் கூடவே வந்துகொண்டிருந்தது. தூக்கம் வருகிற நேரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வந்து விழும். விழுந்த குதிரை அப்புறம் எழுந்ததா என்று அகராதியில் இல்லை. அகராதிக்காரனுக்கு அது தேவையில்லை. ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் கூடத்தில் ஒரு பையன் இருந்தான். போன வாரம், ஷகிலாவின் அறைக்கு வெளியே. நாலு வயது இருக்கும். சக்கர நாற்காலியில் நெற்றிக்கு ஒரு பட்டை போட்டுத் தலையைச் சாய்வோடு பிடித்திருந்தார்கள். அகலமான மெத்தென்ற துணிப் பட்டை. அவன் அம்மா அவன் மோவாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, பக்கத்தில் இருந்தவளிடம் அம்பாசமுத்திரத்துக்கு இப்போதெல்லாம் நேர்ப் பஸ் கிடைப்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பையன் இவளைப் பார்த்துச் சிரித்தான். நல்ல சிரிப்பு. இவளுக்குத் திரும்பச் சிரிக்க முடியவில்லை. பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன் கையால் ஒட்டிய பட்டைகளெல்லாம் கண்முன்னால் வந்தன. சிரிக்காமல் வந்தது இன்றுவரை அறுக்கிறது. அந்த அம்மா எத்தனை தெளிவாகப் பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். ஒருநாள் நானும் அப்படி மதுரை பஸ்ஸைப் பற்றிப் பேசுவேனோ? பேசினால் என்ன, பேசத்தான் வேண்டும், பிள்ளை பிள்ளைதானே. கழுத்து நின்றாலும் நிற்காவிட்டாலும் பாதத்தில் முத்தம் கொடுத்தால் கால்விரலை மடக்கிக்கொள்கிற இதே பிள்ளைதானே. ஆனாலும் பயமாக இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, யாரிடம் சொல்ல. நயினாரிடம் சொன்னால் "எல்லாம் சரியாப் போவும்" என்று சொல்லிவிட்டு, பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் வரமாட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் குழலியை முதல்முதலில் காட்டிய நாளும் அவன் அப்படித்தான், கை கழுவப் போனவன் வரவே இல்லை. பெட்டிக்குள் மதினி அனுப்பிய தொப்பியோடு ஒரு தலை. கைப்பிடிக்குள் அடங்கிவிடும். நர்ஸ் பிடரியில் கைகொடுத்துத் தூக்கி, "தலையப் பத்திரமாப் பிடிக்கணும்மா" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இன்னும் விடவில்லை.

சத்தம் ஏதோ மாறியிருந்தது. மின்விசிறியோடு நடந்துகொண்டிருந்த பேச்சு நின்றுபோயிருந்தது. ஆவுடை தலையைத் திருப்பினாள். குழலி ஒருச்சாய்ந்து கிடந்தாள். ஒரு கால் மற்றொரு காலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்திருந்தது, இடுப்பு பாதி திரும்பியிருந்தது, கண் ஜமுக்காளத்தின் அதே சிவப்பு வரியில் இருந்தது. எடுக்கலாம் என்று நினைக்கிற மாதிரி வரியை நோக்கிக் கை நீண்டது. எப்போதும் இதுவரைக்கும் வருவாள், அப்புறம் தலை கூட வராமல் மல்லாக்கப் போய்விடுவாள். இப்போது போகவில்லை. மூச்சை அடக்கி முகம் சிவக்க முக்கினாள். தோள் கொஞ்சம் போயிற்று, நின்றது, கொஞ்சம் போயிற்று. அப்புறம் எல்லாம் ஒரே நேரத்தில் நடந்தது. இடுப்பு உருண்டது, தோள் மடங்கியது, தலை பின்னால் வந்து தொப்பென்று துணியில் விழுந்தது. மூக்கு, வாய், நெற்றி, முழு முகமும் மண்ணைப் பார்க்க. குதிரை விழுந்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கை அதற்கு முன்னால் கிளம்பிவிட்டது. உள்ளங்கை விரிந்து பிடரிக்கு மேலே போய், தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது அவள் அதை நிறுத்தினாள். எப்படி நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியாது. மூச்சு முட்டுமே என்று ஒரு மனம் கத்தியது. இருக்கிறேனே, பக்கத்திலேயே இருக்கிறேனே, முட்டினால் எடுத்துவிட மாட்டேனா, இன்னும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி என்று இன்னொரு மனம் கெஞ்சியது. உள்ளங்கைக்குக் கீழே பிடரியின் சூடு தெரிந்தது. வேர்வையில் ஒட்டிய பூனைமுடி தெரிந்தது. கீழே மிஷின் நின்றுவிட்டது. எச்சிலில் நனைந்த துணிக்குள்ளிருந்து கோபமாக ஒரு முனகல் வந்தது. உள்ளங்கையில் பூனைமுடி உரசியது. அவள் கையை இறக்கவில்லையே, பின் எப்படி உரசுகிறது என்று ஒரு கணம் புரியவில்லை. தலைதான் மேலே வந்துகொண்டிருந்தது. ஆடியது, நடுங்கியது, ஒரு பக்கம் சரியப் பார்த்தது, சரியவில்லை. ஆவுடை கையை எடுத்துக்கொண்டாள். எடுத்த கையை என்ன செய்வதென்று தெரியாமல் தரையில் வைத்து அழுத்திக்கொண்டு, தானும் குனிந்து தரையோடு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். இரண்டு கண்ணும் தெரிந்தன. நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஜமுக்காளத்தின் வரி பதிந்திருந்தது, மோவாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. அந்தக் கண் இரண்டும் இவளைக் கண்டுபிடித்து, நீயா என்பதுபோலப் பார்த்தன. அப்புறம் தலை மெல்ல இறங்கிப் பக்கவாட்டில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை விழவில்லை, படுத்துக்கொண்டது.

"என்னளா, மாடியில சத்தத்தையே காணும்?" என்று மதினி கீழேயிருந்து கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லாத மாதிரி வைத்துக்கொள்ள அவள் பட்ட பாடு மாடிவரை தெரிந்தது.

ஆவுடை தரையிலிருந்து கன்னத்தை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல மதினி," என்றாள். "மாவு இருக்கா?"